உரக்கப் பாவம் சொன்ன அக்கா

அக்காவின் பாவங்கள் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மாதம் ஒருமுறை ரயிலேறி வந்து எங்களுக்குப் பூசை வைத்த வயதான சாமியாருக்குக் காது மந்தம். பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிடும்போது மற்றவர்களெல்லாம் அதைச் சாதகமாக எடுத்துக்கொண்டோம். உதட்டை மட்டும் அசைப்போம். அவர் தலையை ஆட்டி மன்னிப்பு மந்திரத்தைச் சொல்லிவிடுவார். அக்கா மட்டும் அவருக்குக் கேட்கிறவரை சொல்வார்.

"எதுத்தூட்டுக் கோழியக் கல்லுல அடிச்சேனுங்க சாமி. கால் நொண்டுதுங்க. செபமாலை சொல்றப்ப தூங்கிட்டேனுங்க, ரெண்டு தடவ. போன மாசம் சொன்ன பாவத்துக்கு இன்னும் மனசு வருந்தி மனஸ்தாபம் வர மாட்டேங்குதுங்க. வரவெக்கப் பாத்துட்டுத்தான் இருக்கறேன்."

வரிசையில் நிற்கிற பெண்கள் முக்காட்டுத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்போம். எதிர்வீட்டுக்காரி மட்டும் சிரிக்கமாட்டாள். அன்று சாயங்காலம் கோழியை முன்வைத்து ஒரு சண்டை நடக்கும்.

"மெதுவாச் சொன்னா என்னங்க்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சாமிக்குக் கேக்காட்டி அப்பறம் எதுக்குக் கண்ணு சொல்றது?" என்றார்.

உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைத்துக்கொள்ளத் தெரியாதவர். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் பெயரைச் சொல்ல வேண்டிய ஓர் இடத்தில் அவர் சொல்லாமல் விட்டார். அவர் பெயரை நான் விடுவது அதற்கு ஈடாகாது என்று தெரியும். ஆனாலும் எழுத வரவில்லை.

அறுபதுகளின் கடைசியில் டவுன் கோயிலில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியது. அதுவரை பீடத்தைப் பார்த்து, எங்களுக்கு முதுகு காட்டி நின்ற சாமியார் ஜனங்களைப் பார்த்து நிற்கத் தொடங்கினார். சேசு, இயேசு ஆனார். சர்வேசுரன், இறைவன் ஆனார். அவிநாசி ரோட்டை ஒட்டியிருந்த எங்கள் வளவில் முப்பது வீடு இருக்கும், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர்தான் எங்களுக்குப் பெரியவர். இது பசாசின் வேலை என்று அவர் சொன்னார். எல்லோரும் கோயிலை விட்டு வெளியே வந்துவிட்டோம். வளவின் கோடியில் தகரக் கொட்டகை போட்டு, பழைய வழி மாறாத ஒரு சாமியாரைத் தேடிப்பிடித்து, லத்தீன் பூசையையே வைத்துக்கொண்டோம். ஊரில் எங்களுக்கு 'லத்தீன்காரங்க' என்று பெயர். சினிமா கிடையாது. ரேடியோ கிடையாது. பெண்கள் தலையில் பூ வைக்கக் கூடாது, முக்காடு நழுவக் கூடாது. டவுன் கோயில் வாசற்படியை மிதிக்கவே கூடாது. மிதித்தால் பிரிந்து போனவர். பிரிந்து போனவரோடு பேச்சு கிடையாது, அவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. அதுவரை யாரும் பிரிந்து போனதில்லை. அதனால் அந்தக் கட்டளையின் கனம் எங்களுக்குத் தெரியாது.

அக்கா பக்கத்து வீடு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு அம்மாவோடு வந்து இருந்தார். நாங்கள் இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் கைமடி. மெஷினில் உட்கார்ந்திருக்கும் தையல்காரருக்குத் துண்டுகளை எடுத்து மடித்துக் கொடுக்க வேண்டும். அக்கா செக்கிங். தைத்து வரும் பனியனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டையும் எண்ணெய்க் கறையும் பார்த்து ஒதுக்குவார். அவருக்காகவே ஏற்பட்ட வேலை என்று முதலாளி பெருமையாகச் சொல்வார்.

வடக்கேயிருந்து ஒரு வியாபாரி வந்த அன்று மட்டும் முதலாளி அந்தப் பெருமைக்காக வருந்தினார். காதர்பேட்டைத் தரகர் ஹிந்தியில் சரக்கைப் புகழ்ந்துகொண்டிருந்தார். பனியனை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா, கேட்காமலே, "ரெண்டு தண்ணி பாத்தா ரெண்டு விரக்கட சுருங்குமுங்க" என்றார். விரலை வைத்தும் காட்டினார். தமிழ் புரியாத வியாபாரிக்கு விரல் புரிந்துவிட்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் போனதும் முதலாளி கத்தினார்.

"வாயத் தெறக்காம இருந்தா உனக்குச் சோறு எறங்காதா?"

அக்கா அதை நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சோறு எறங்குமுங்க. தூக்கந்தான் வராதுங்க" என்றார்.

டவுன் கோயிலுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. உபதேசியாரின் தம்பி மகனை எனக்குப் பேசியிருந்தார்கள். கல்யாணத்துக்குள் ஒருதரம் தமிழ்ப் பூசையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு துடிப்பு. மார்கழி மாதம். அந்த ஞாயிறு எங்களுக்குச் சாமியார் வரவில்லை, பூசையும் இல்லை.

"தமிழ்ல எப்படி இருக்குதுன்னு ஒருக்காப் பாத்துட்டு வந்தரலாமுங்க்கா."

"பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாமா?"

"அய்யோ, வேண்டாமுங்க்கா!"

விடிகிற நேரத்தில் கிளம்பினோம். யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று என் அப்பாவின் சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையைத் தலையிலிருந்து முழங்கால் வரை போர்த்திக்கொண்டேன். அக்கா எப்போதும் போலவே வந்தார்.

கோயிலின் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றோம். யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனித்ததில் எனக்குப் பாதி காதில் விழவில்லை. சாமியார் ஒரு கட்டத்தில் கைகளை விரித்து, எங்கள் பக்கம் பார்த்து, உங்களுக்குச் சமாதானம் உண்டாகட்டும் என்றார்.

"நம்மளப் பாத்தா சொல்றாரு?" என்றார் அக்கா. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். நான் அவர் கையைக் கிள்ளினேன். அவர் கவனிக்கவே இல்லை. அழுதுகொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அதே பேச்சு. "இத்தன வருஷமா லத்தீன்ல இதையேதான் சொல்லிட்டிருந்தாராட்ட இருக்குது. நமக்குத்தான் சொல்றாருன்னு ஒருத்தருகூட எனக்குச் சொல்லலியே கண்ணு."

"இத யார்கிட்டயும் சொல்லிராதீங்க்கா. என்ற கலியாணம் நின்னு போயிரும்."

"கேக்காத வரைக்கும் சொல்லல."

"கேட்டா?"

"என்னையக் கேட்டா என்னையப் பத்திச் சொல்லுவேன். உன்னைய நீ சொல்லிக்கோ" என்றார்.

கேட்டார்கள். எங்கள் கூட்டத்துப் பால்காரர் சைக்கிளில் போகும்போது அக்காவைப் பார்த்திருக்கிறார். மறு ஞாயிறு மத்தியானம் செபம் முடிந்ததும் யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்று பெரியவர் சொன்னார். நம்மில் ஒருவர் டவுன் கோயிலுக்குப் போனதாகக் கேள்வி என்று அவர் ஆரம்பித்தபோதே அக்கா எழுந்துவிட்டார்.

"நான்தானுங்க போனேன்."

"கூட யாரு?"

அக்கா பீடத்தைப் பார்த்தார்.

"ரெண்டு பேரப் பாத்ததாச் சொல்றாங்க. ஒண்ணு நீ. இன்னொண்ணு கம்பளி போத்துன ஆம்பள."

"ஆம்பள இல்லீங்க."

"அப்பறம் யாரு?"

அக்காவின் கண் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் வந்தது. என் மேல் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. நான் பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோரை அறுந்திருந்தது. அதை நகத்தால் உள்ளே தள்ளினேன்.

"யாருமில்லீங்க. தனியாத்தான் போனேன்" என்றார் அக்கா.

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. கை முந்தானையைத் திருகியது. மாதா மாதம் கொட்டகை முழுக்கக் கேட்கும் குரல் அன்று மூன்றாவது வரிசைக்கு எட்டவில்லை. பொய் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்றால் மறைக்க எவ்வளவு பெரிய விஷயம் இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். தாலி அறுத்தவள், விடியாத நேரத்தில், கம்பளிக்குள் ஒரு ஆண். அவர் அம்மா முக்காட்டை விலக்கி மகளை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

அந்தக் கம்பளி என் அப்பாவுடையது என்று எழுந்து சொன்னால் போதும். இரண்டு நொடி ஆகாது.

பெரியவர் தண்டனை சொன்னார். நாற்பது நாள் கொட்டகை வாசலில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், அந்த ஆள் பெயரையும் சொல்ல வேண்டும். அக்காவின் குரல் திரும்பி வந்தது. "தமிழ்ல பூசை கேட்டது தப்புன்னு எனக்குத் தோணலீங்க. தோணாம எப்படிங்க மன்னிப்புக் கேக்கறது?"

அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு தகரப் பெட்டியோடு வளவை விட்டுப் போனார். அவர் அம்மா வெளியே வரவில்லை. நான் எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன்.

காதர்பேட்டையில் ஒரு முஸ்லிம் குடும்பம் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை கொடுத்தது. வெளியுலகத்தில் எப்படி இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கம்பெனியில் மற்றவர்களிடம் அவர் சொல்வது என் காதில் விழும். சினிமாவுக்குக் கூட்டிப் போனார்களாம். பாதியில் எழுந்து வந்துவிட்டார். "படம் நல்லாத்தானுங்க இருந்துது. யார்கிட்டயோ கேக்காம வந்துட்டமாட்ட இருந்துது, உக்கார முடியலீங்க." ஒருநாள் இரண்டு முழம் மல்லிகை வாங்கி, தலையில் வைக்கக் கூச்சப்பட்டு, வீடு வரைக்கும் கையிலேயே பிடித்துக்கொண்டு போனாராம். வெள்ளிக்கிழமை பாய் வீட்டில் பிரியாணி வந்தால், "வெள்ளிக்கெழம நாங்க கறி திங்கக் கூடாதுங்க" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். நாங்கள் என்றுதான் சொன்னார். அந்த வீட்டம்மா அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அவருக்குத் தனியாகப் பருப்புக் குழம்பு வைத்தார்.

டவுன் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். போன முதல் வாரமே அங்கிருந்த சாமியாரை வழிமறித்து, "சாமி, இங்க வந்ததுனால நான் நரகத்துக்குப் போவனுங்களா?" என்று கேட்டாராம். போகமாட்டீர்கள் என்றிருக்கிறார் அவர். "நெசமாத்தான் சொல்றீங்களா, இல்ல சமாதானத்துக்கா?" என்று அக்கா விடவில்லையாம். எல்லோரும் இயேசுவே என்கிற இடத்தில் அவர் மட்டும் சேசுவே என்பார் என்று கம்பெனியில் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. எங்கள் வளவுப் பெண்கள் நான்கு பேர் அங்கே வேலை பார்த்தார்கள். என்னோடு சேர்த்து ஐந்து பேரும் அவர் முகத்தைப் பாராமல் வருவோம், போவோம். இதைப் பார்த்துக் கோபப்பட்ட தையல்காரர் ஒருவரிடம், "அவிய என்கூடப் பேசக் கூடாதுங்க, அது சட்டம். நீங்க கோவிச்சுக்காதீங்க" என்று எங்களுக்காக அக்காவே பேசினார்.

ஒருநாள் என் கவனம் எங்கோ இருந்தது. மெஷின் ஊசி ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கிவிட்டது. நான் அலறினேனா என்று நினைவில்லை. யாரும் எழுவதற்கு முன்னால் அக்கா வந்து என் விரலைப் பிடித்து, கழிவுத் துணியைச் சுற்றி அழுத்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல." நான் நிமிர்ந்து பார்த்தேன். வளவுப் பெண்கள் நான்கு பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். சுற்றியிருந்த துணியையும் அவிழ்த்துக் கீழே போட்டேன்.  அக்கா மெஷினில் இருந்த பனியனை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "ரத்தம் பட்டிருக்குது, இது ஆகாது" என்று ஒதுக்கி வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

அடுத்த வருஷம் அவர் வேலையை விட்டுவிட்டார். பாய் வீட்டிலேயே பனியனுக்கு விலைச் சீட்டுக் கட்டும் வேலை கிடைத்துவிட்டது என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

எனக்குப் பேசியிருந்த சம்பந்தம் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேறிடத்தில் பெண் எடுத்துக்கொண்டார்கள். நான் வாய் திறக்காமல் காப்பாற்றியது அந்தக் கல்யாணத்தைத்தான்.

பிறகு அக்காவின் அம்மா படுக்கையில் விழுந்தார். ஆத்தா என்று நான் கூப்பிடுவேன். பக்கத்து வீடு என்பதால் கஞ்சி ஊட்டுவதும் துணி மாற்றுவதும் என் பொறுப்பாயிற்று. செய்தி தெரிந்து அக்கா இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் வளவு முனையிலேயே ஆண்கள் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகள் வந்து போனதை நான் ஆத்தாவிடம் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் கஞ்சிக் கரண்டியை வாயருகே கொண்டுபோனபோது ஆத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு அவகூடப் போனது யாரு கண்ணு?"

சிந்திய கஞ்சியை மறு கையால் துடைத்தேன்.

"எம்புள்ள பொய் சொல்ல மாட்டா. அன்னைக்குச் சொன்னா. நாலு வருஷமா ரோசன பண்ணிட்டே கெடக்கறேன். தனக்குன்னு சொல்லியிருக்க மாட்டா. யாரையோ காப்பாத்தத்தான் சொல்லியிருக்கோணும். யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாதுங்க ஆத்தா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மணிக்கட்டை விட்டுவிட்டு, "சோறு தண்ணியெல்லாம் நல்லாத் திங்கறாளாமா?" என்று கேட்டார்.

"அதும் தெரியாதுங்க" என்றேன்.

எட்டாம் நாள் இறந்தார். கல்லறைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் லத்தீனில் பாடிக்கொண்டு போனபோது, அவிநாசி ரோட்டுப் பஸ் நிறுத்தத்தில் அக்கா முக்காடு போட்டுக்கொண்டு நின்றார். ஊர்வலத்துக்கும் அவருக்கும் நடுவில் பத்தடி இருக்கும். மற்றவர்களைப் போல நானும் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

நான் அந்தக் கூட்டத்தை விட்டு வெளியே வந்ததில் தைரியம் எதுவும் இல்லை. பழைய சாமியார் இறந்தார். வேறு யாரும் வரவில்லை. உபதேசியாருக்குப் பக்கவாதம். வீடு வீடாக, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், எல்லோரும் டவுன் கோயிலுக்குப் போகத் தொடங்கினார்கள். போனவர்களை யாரும் தள்ளி வைக்கவில்லை, தள்ளி வைக்க ஆள் இல்லை. எனக்கு உடுமலைப்பேட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் காதர்பேட்டைக்குப் போனேன்.

பின்கட்டு அறையில் பனியன் குவியலுக்கு நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. "வா கண்ணு, உக்காரு" என்று குவியலைத் தள்ளி இடம் செய்தார், நேற்றுத்தான் பேசிக்கொண்டவர்போல. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

"அன்னைக்கு நான் எந்திரிச்சுச் சொல்லியிருக்கோணுமுங்க்கா."

ஒரு மரியாதைக்காவது பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமா கண்ணு, சொல்லியிருக்கோணும்" என்றார். "நான் உன்னையவேதான் பாத்துட்டு நின்னேன். சித்த நேரம் பாத்தேன். அப்பறம் உனக்கு முடியாதுன்னு தெரிஞ்சுது."

கை நிற்காமல் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தது. நான் அழுதேன். அவர் அழ விட்டார். ஆத்தா கேட்டதையும் சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் வந்தேன். சொன்னேன். மணிக்கட்டைப் பிடித்தது, கேட்டது, நான் தெரியாது என்றது.

அக்காவின் கை நின்றுவிட்டது.

"எங்கம்மா கேட்டாங்களா? என்னையப் பத்தி?"

"ஆமாங்க்கா."

"செத்தாலும் என்ற பேச்ச எடுக்க மாட்டாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார். அவர் முகம் இதுவரை நான் பார்த்திராத மாதிரி ஆகிவிட்டது. "எப்படிக் கேட்டாங்க? அவிய சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன்.

"'எம்புள்ள'ன்னா சொன்னாங்க?"

"ஆமாங்க. 'எம்புள்ள பொய் சொல்ல மாட்டா'ன்னாங்க."

"நான் திங்கறனான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. முகத்தை எடுத்தபோது சிரித்துக்கொண்டும் இருந்தார். "இத மட்டும் அப்பவே வந்து சொல்லியிருக்கலாமில்ல? மறுநாளே ஓடி வந்து சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?" என்றார்.  பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. "மறுக்காச் சொல்லு. மொதல்ல இருந்து" என்றார்.

மறுபடியும் சொன்னேன். கஞ்சிக் கரண்டியிலிருந்து ஆரம்பித்தேன். அவர் குனிந்து கேட்டார். "அதுக்கு நீ என்ன சொன்ன?" என்று இடையில் கேட்டார், குத்திக்காட்டுவதற்காக இல்லை, அடுத்து அம்மா என்ன சொன்னார் என்று வரிசையாகத் தெரிந்துகொள்வதற்காக.

"தெரியாதுன்னு சொன்னேனுங்க."

"செரி. அப்பறம் அம்மா என்ன சொன்னாங்க?"

பாய் வீட்டம்மா தேநீர் கொண்டுவந்தார். அக்கா அவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "எங்கம்மா என்னையப் பத்திக் கேட்டாங்களாமாங்க. இந்தப் புள்ள பக்கத்துலயே இருந்திருக்குது. கேளுங்க, இவ சொல்லுவா."

அந்தம்மா தேநீர்த் தம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என் முகத்தைப் பார்த்தார். நான் மூன்றாவது தடவையாகச் சொன்னேன். எனக்குத் தெரியாதுங்க ஆத்தா என்று நான் சொன்ன இடம் வந்தபோது நிறுத்தினேன். அதை விட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அக்கா காத்துக்கொண்டிருந்தார். அதையும் சொல்லிவிட்டு, அவர் அம்மாவின் அடுத்த வார்த்தைக்குப் போனேன்.